இரண்டு கொண்டைகளும் ஐம்பத்தொரு நோயாளிகளும்

“ஆயிரம் குடுமி ஒண்ணா இருக்கும், ரெண்டு கொண்டை ஒண்ணா இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று அவர் கேட்டதும் அரங்கில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாருமே கொண்டை போட்டவர்கள். எங்களுக்குக் கொண்டை சீருடையின் ஒரு பகுதி. கூந்தலை இறுகச் சுருட்டி, கருப்பு வலை மாட்டி, ஊசி குத்தி, பிடரியில் ஒரு முடிகூடத் தொங்காமல் வர வேண்டும் என்று நர்சிங் பள்ளியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அன்று அந்த அறையில் அறுபது கொண்டைகளாவது இருந்திருக்கும்.

நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில் செவிலியர்களுக்குள் சண்டை அதிகமாகிவிட்டது என்று மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. அதற்கு மருந்தாகத்தான் இந்தப் பயிற்சி. குழு உணர்வு, நேர்மறை எண்ணம், பணியிடத்தில் மகிழ்ச்சி. பேச வந்தவர் ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். ஊதி, பெயரெழுதி, அறைக்குள் வீச வேண்டும். பிறகு அவரவர் பலூனைத் தேட வேண்டும், கிடைக்காது. அடுத்ததாகக் கையில் அகப்பட்ட பலூனை அதில் பெயர் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் கிடைத்துவிடும். மகிழ்ச்சியும் அப்படித்தானாம். எங்களில் பத்துப் பேர் இரவுப் பணி முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே வந்திருந்தோம். வராவிட்டால் மெமோ. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சுவரில் சாய்ந்து, பலூனை மடியில் வைத்தபடியே தூங்கிவிட்டாள். அவர் அவளைக் காட்டிச் சொன்னார்: “பாருங்க, இதுதான் மோட்டிவேஷன் குறைவு.”

அவள் அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் இன்னொரு செவிலியருடன் சேர்ந்து ஐம்பத்தொரு நோயாளிகளைப் பார்த்திருந்தாள்.

அன்று நான் எழுந்து பேசவில்லை. பலூனை உரியவரிடம் கொடுத்துவிட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பேசாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சண்டைகள் எதைப் பற்றியவை என்று பார்த்துவிடலாம். வெளியில் இருப்பவர்கள் பொறாமை, அழகு, புடவை, டாக்டர் யாரிடம் சிரித்துப் பேசினார் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். சினிமாவும் அப்படித்தான் காட்டியிருக்கிறது. பதினைந்து வருடங்களுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை: காலை எட்டு மணிக்கு டூட்டி எடுக்க வருகிறவள், “ஆறு மணி இன்ஜெக்‌ஷன் ஏன் சைன் ஆகல?” என்று கேட்கிறாள். “போட்டாச்சு, எழுத நேரமில்ல” என்கிறாள் இரவு இருந்தவள். “எழுதாம நான் எப்படி எடுத்துக்கிறது?” என்கிறாள் வந்தவள். இருவர் சொல்வதும் நியாயம். எழுதாத ஊசி போடாத ஊசிதான். நாளை ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவள்தான் மாட்டுவாள். ஆனால் இரவு இருந்தவளுக்கு எழுத உண்மையிலேயே நேரமில்லை. குரல் உயர்கிறது. பதினெட்டாம் படுக்கைக்காரரின் மனைவி வேடிக்கை பார்க்கிறார். அவ்வளவுதான், ‘பொம்பளைங்க நாலு பேரு சேந்தாலே இப்படித்தான்’ என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

நேரமில்லை என்றால் எவ்வளவு நேரமில்லை? எங்கள் வார்டில் கட்டில்கள் நாற்பத்திரண்டு. அன்றிரவு தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களையும் சேர்த்து ஐம்பத்தொரு பேர். அவர்களில் நாற்பது பேருக்கு இரவு எட்டு மணிக்கு ஊசி மருந்து. மருந்தைக் கரைத்து, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, பெயர் கேட்டு, கான்யூலா அடைத்திருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகச் செலுத்தி, கையெழுத்துப் போட ஒருவருக்கு நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நூற்று அறுபது நிமிடம். ஒரு செவிலியர் நோயாளியோடு ஸ்கேனுக்குப் போய்விட்டால் மற்றவள் தனியாக இதை முடிக்க இரவு பத்தே முக்கால் ஆகிவிடும். எட்டு மணி மருந்து பத்தே முக்காலுக்கு! இதற்கிடையில் புதிய அட்மிஷன் வரக்கூடாது, யாருக்கும் மூச்சுத்திணறக்கூடாது, யாரும் சாகக்கூடாது, அவளுக்குச் சிறுநீர் வரக்கூடாது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர். மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். விடுப்புக்காக முப்பது சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு ஒன்று என்பதை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வைத்துப் பார்த்தால் அன்றிரவு எங்கள் வார்டில் பத்துப் பேர் இருந்திருக்க வேண்டும். இருந்தது இருவர். பத்துப் பேர் வேலையை இருவர் செய்துவிட்டு, மீதியான எட்டுப் பேர் வேலைக்காகக் காலையில் மூன்றாமவளிடம் திட்டு வாங்குகிறார்கள். திட்டுகிறவளுக்குத் தெரியும், இன்னும் சில மணி நேரத்தில் தானும் இதே இடத்தில் நின்று இன்னொருத்தியிடம் திட்டு வாங்கப்போகிறோம் என்று. இதற்கு மகிழ்ச்சிப் பலூன் தீர்வாம்.

இல்லாத எட்டுப் பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் அந்த அரங்கில் இல்லை. இருந்திருந்தால் சண்டையே இருந்திருக்காது.

இன்னொரு சண்டை, பீரோ சாவிச் சண்டை. அரசு மருத்துவமனைகளுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் வார்டுக்கு ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். இளம் செவிலியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சாவிக்கொத்து’. படுக்கை விரிப்பு, பேசின், பி.பி. அப்பரேட்டஸ் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிவிட்டு, மாலையில் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார். நடுராத்திரியில் ஒரு நோயாளி வாந்தியெடுத்து விரிப்பெல்லாம் நனைந்துவிட்டால் மாற்ற வேறு கிடையாது. நானும் அவரைச் சபித்திருக்கிறேன். கஞ்சம், கல்நெஞ்சு, பிசாசு என்றெல்லாம். அவர் ஓய்வு பெறும் மாதத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த வார்டின் ஒவ்வொரு பொருளும் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. கணக்கில் பதினான்கு விரிப்புகள், மூன்று பேசின்கள், ஒரு பி.பி. அப்பரேட்டஸ் குறைந்தன. நோயாளியோடு ஆம்புலன்ஸில் போன விரிப்பு எத்தனை, பிணத்தைச் சுற்றிப் போனது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? ‘நிலுவை இல்லை’ என்று எழுதி வாங்கினால்தான் ஓய்வூதியத் தாள்கள் நகரும். சொந்தப் பணத்தில் வாங்கி வைத்தார். துணிக்கடைப் பையோடு அவர் வார்டுக்குள் வந்த அந்தக் காலை என் கண்ணிலேயே நிற்கிறது. முப்பது வருடம் நோயாளிகளைக் கவனிக்கப் படித்த ஒரு பெண்ணை நிர்வாகம் விரிப்புகளுக்குக் காவலாளியாக்கியது. அவரைப் பிசாசு என்று சொல்ல எங்களைப் பழக்கியது.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன். 2009-ல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு வருட பாண்ட்; நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும். அங்கே எங்களுக்குள் சண்டை குறைவு. காரணம் அன்பு அல்ல; வாய் திறந்தால் சான்றிதழ் வராது என்ற பயம்தான். அமைதியாக இருக்கும் வார்டைக் காட்டி ‘நல்ல டீம்’ என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் கேட்க நினைப்பது, அந்தப் பெண்களின் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன என்பதைத்தான்.

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., நடத்திய தேர்வை எழுதித் தேறினேன். ஆயிரக்கணக்கான செவிலியர்களை அப்போது எடுத்தார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருடம் கழிந்தது. 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கழிப்பறைகளைப் பூட்டினார்கள் என்று எங்கள் வரிசையில் பேச்சு வந்ததும் மாதவிடாயில் இருந்த பெண்களைச் சுற்றி மற்றவர்கள் துப்பட்டாவால் மறைப்புக் கட்டி நின்றார்கள். யாரும் யாரையும் அதற்கு முன் பார்த்ததில்லை. உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை போட்டது, கலைந்தோம். பிறகு ஊதியம் 14,000 ஆகி, இன்னும் பின்னால் 18,000 ஆனது. அந்தக் கொண்டைகள் எல்லாம் அங்கே எப்படிச் சேர்ந்தன என்று பலூன்காரரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

எனக்கு நிரந்தரம் கிடைக்க ஐந்து வருடம் ஆனது. கிடைத்ததும் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

2020-ல் கொரோனாவுக்காக மறுபடியும் ஒப்பந்தச் செவிலியர்களை எடுத்தார்கள். அவர்களும் எம்.ஆர்.பி. தேர்வு எழுதியவர்கள்தான். ஆனால் வார்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, ‘கோவிட் சிஸ்டர்’. ஏதோ அந்த நோயே அவர்கள்தான் என்பது போல. என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு என் வேலையையே செய்தார்கள். தீபாவளி, பொங்கல் இரவு டூட்டிகளை அவர்களுக்குப் போட்டோம். “நாங்களும் அப்படித்தான் கஷ்டப்பட்டோம்” என்றோம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைப் பிரம்பாக்கிக் கையில் வைத்திருந்தோம்.

2022-ல் ஒரு இரவு. என்னோடு இருந்தவள் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். இரண்டு முருகன்கள் வார்டில் இருந்தார்கள். ஒரு முருகனுக்குப் போக வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை அவள் இன்னொரு முருகனுக்குப் போட்டுவிட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, அந்த மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது, அவ்வளவே. டாக்டர் வந்து என்னைத் திட்டினார், சீனியர் நான்தான் என்பதால். அவர் போனதும் நான் அவள் பக்கம் திரும்பினேன். நோயாளிகளின் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, “சர்டிபிகேட்டக் காசு குடுத்து வாங்குனியா? உங்கள மாதிரி ஆளுங்கள எல்லாம் யாரு உள்ள விட்டது?” என்றேன். “அக்கா, கேஸ் ஷீட்ல பதினேழுன்னுதான்க்கா இருந்துச்சு” என்றாள். “எதுத்துப் பேசாத” என்றேன்.

கேஸ் ஷீட்டில் பதினேழு என்றுதான் இருந்தது. அன்று மாலை நோயாளிகளை இடம் மாற்றியபோது அந்த முருகனைப் பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்கு மாற்றியது நான். ஷீட்டில் மாற்றி எழுதாததும் நான். அவள் பெயரைக் கேட்டுச் சரிபார்த்தாள், முருகன் என்றுதான் அவரும் சொன்னார். அப்பா பெயரையும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது அவள் தவறு. அதைவிடப் பெரிய தவறு என்னுடையது, அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அவள் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் சூசன் ஜோ ராபர்ட்ஸ் என்ற செவிலியர் பேராசிரியர் 1983-லேயே எழுதினார்: ஒடுக்கப்பட்ட குழு மேலே திருப்பித் தாக்க முடியாதபோது தனக்குள்ளேயே தாக்கிக்கொள்கிறது, செவிலியர்களிடம் நடப்பதும் அதுவே என்று. பவுலோ ஃப்ரெய்ரேயின் சிந்தனையிலிருந்து அதை எடுத்தார். 1986-ல் ஜூடித் மெய்ஸ்னர், செவிலியர்கள் தங்கள் குஞ்சுகளையே தின்கிறார்களா என்று கேட்டார். அந்தச் சொற்றொடர் உலகம் முழுக்கச் சுற்றியது. நர்சிங் படிக்கும் தங்கைகள் இதையெல்லாம் பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் பின்னால்தான் படித்தேன். படித்ததும் நிம்மதியாக இருந்தது, எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறதே என்று. அந்த நிம்மதியைத்தான் இப்போது சந்தேகப்படுகிறேன். டாக்டர் என்னைத் திட்டினார், நான் அவளைத் திட்டினேன், ஆகவே நான் வெறும் குழாய், மேலே ஊற்றியது என் வழியாகக் கீழே போனது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? ஆள் பற்றாக்குறைதான் அந்தத் தவறு நடக்கக் காரணம். அதை அவள் தலையில் கட்டியது பற்றாக்குறை அல்ல, நான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் பலூன்காரர் ஜெயிக்கிறார். மற்றதை மட்டும் சொன்னால் என்னைப் போன்ற சீனியர்கள் ஜெயிக்கிறோம்.

2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கோவிட் செவிலியர்களின் பணி முடிந்தது என்று அறிவித்தார்கள். தமிழ்நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். ஜனவரி முழுவதும் அவர்கள் தெருவில் இருந்தார்கள். மாற்றுப் பணி தருவதாக அமைச்சர் சொன்னார். ஐந்து வருடம் முன்னால் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்திருந்த நான், அந்த முறை போகவில்லை. எங்கள் வார்டிலிருந்து யாருமே போகவில்லை. இரண்டு பேர், “அப்பாடா, இனிமே வாய்ச்சண்டை இல்ல” என்றுகூடச் சொன்னார்கள். அவர்கள் போனார்கள், கட்டில்கள் போகவில்லை. நான்கு பேர் பார்த்த இரவை அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேர் பார்த்தோம். மிச்சமிருந்த நிரந்தரக் கொண்டைகளுக்குள் சண்டை இரண்டு மடங்கானது. பிறகுதான் பயிற்சி முகாம் வந்தது.

திருவண்ணாமலைப் பெண் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

பெண்ணியக் கட்டுரை என்று இதைக் கேட்டு வாங்கியவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செவிலியர் வேலையை ஒரு காலத்தில் ‘நல்ல குடும்பத்துப்’ பெண்கள் தொட மாட்டார்கள். அடுத்தவர் உடம்பின் ரத்தம், மலம், சீழ் எல்லாம் தீட்டு. அதனால்தான் கிறிஸ்தவப் பெண்களும் தலித் பெண்களும் இதில் முன்னால் வந்தார்கள். வேலை நிரந்தரமாகி, சம்பளம் வந்து, மரியாதை கொஞ்சம் வந்ததும் நாங்கள் என்ன செய்தோம்? தீட்டை ஒரு படி கீழே தள்ளினோம். பெட்பேன் எடுப்பது ‘நம்ம வேலை இல்லை’ என்று ஆனது. ஏஜென்சி மூலம் வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு என் அம்மா வயது. அவரை ‘ஏம்மா, இங்க வா’ என்று பேர் சொல்லாமல் கூப்பிடுகிறோம். எங்கள் ஓய்வறையில் அவர்களுக்கு மட்டும் தனி டம்ளர் இருந்தது. ‘சுத்தம்’ என்று காரணம் சொன்னார்கள். நாள் முழுக்க அதே வார்டில், அதே ரத்தத்தில் கை வைக்கும் எங்களுக்கு எந்த டம்ளர்? ஒரு நாள் நான் அந்த டம்ளரில் டீ குடித்தேன். வீரம் எல்லாம் இல்லை, மற்ற டம்ளர்கள் கழுவாமல் கிடந்தன. ஆனால் அதற்கு இரண்டு சகாக்கள் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதுவும் பணியிடச் சண்டைதான். இந்தச் சண்டை நடக்கத்தான் வேண்டும். இதைக் குழு உணர்வு என்ற பெயரில் ஆற்றப்போட்டால் ஆறுவது யாருடைய கோபம் என்று யோசித்துப் பாருங்கள்.

வருடா வருடம் மே 12 வந்தால் எங்கள் கையில் மெழுகுவர்த்தி கொடுத்து உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். தேவதைகள், தாய்மை, சேவை. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் விளக்கேந்தி நடந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் எண்களோடு மல்லுக்கட்டியவர் என்பது எங்களில் பலருக்கே தெரியாது. குண்டடிபட்டுச் செத்த சிப்பாய்களைவிட நோய் வந்து செத்தவர்களே அதிகம் என்று படம் வரைந்து காட்டி, இங்கிலாந்து அரசின் முகத்துக்கு நேராக நீட்டினார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். விளக்கை மட்டும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு அட்டவணையை ஒளித்து வைத்துவிட்டார்கள். விளக்கு ஏந்தினால் கண்கலங்குவார்கள். எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர் என்று கேட்டால் ‘ஆட்டிட்யூட் ப்ராப்ளம்’ என்பார்கள்.

கொண்டைகள் சேராது என்பவர்களுக்கு மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் கதையைச் சொல்ல வேண்டும். 1973 நவம்பர் 27 இரவு, அருணா ஷான்பாக் என்ற செவிலியரை அங்கேயே வேலை பார்த்த ஒரு வார்டுபாய் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துப் பாலியல் வன்முறை செய்தான். கொள்ளைக்கும் கொலை முயற்சிக்கும்தான் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. பாலியல் குற்றம் வழக்கிலேயே வரவில்லை. மூளை பாதிக்கப்பட்ட அருணா, 2015 மே 18-ல் இறக்கும்வரை நாற்பத்தொரு வருடங்களுக்கு மேல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போட்டவர்கள் செவிலியர்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவரைப் பார்த்தே இராத, அவர் தாக்கப்பட்டபோது பிறந்தே இராத பெண்கள் அந்த வேலையை வாங்கிக்கொண்டார்கள். எண்பதுகளில், கட்டில் வேண்டும் என்று மாநகராட்சி அவரை வெளியே அனுப்பப் பார்த்தது. செவிலியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், மாநகராட்சி பின்வாங்கியது. அப்படி ஒருவரை அத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது சரியா என்பது வேறு வாதம், கருணைக்கொலை வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் ஒரு சகாவை நான்கு தசாப்தம் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்த பெண்களின் முகத்தைப் பார்த்து அந்தப் பழமொழியைச் சொல்ல யாருக்கு நா எழும்? அவர்களுக்குள்ளும் டூட்டி லிஸ்ட் சண்டை இருந்திருக்கும். நிச்சயம் இருந்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டேதான் அதைச் செய்திருப்பார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளிகள் என்று 1999-ல் சட்டமே போட்டார்கள். 2004-ல் அமலுக்கு வந்தது, மறு வருடம் முதல் பொது வார்டில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. செவிலியர் சங்கம் பல வருடம் மல்லுக்கட்டி வாங்கியது அது. பக்கத்தில் கேரளாவில், தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தம் செய்துதான் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு அரசாணை வந்தது. எங்கேயும் ஒருவரையொருவர் முன்பைவிட அதிகமாக நேசித்து இவற்றை வாங்கவில்லை. பிடிக்காதவளோடும் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கினார்கள். எனக்கு ஆகாத ஒருத்திக்காக நான் கையெழுத்துப் போடுவேனா என்பதுதான் கேள்வி. 2023 ஜனவரியில் நான் போடவில்லை.

பயிற்சி முடிந்த மறுவாரம், அன்று தூங்கிப்போன பெண்ணும் நானும் இரவு டூட்டியில் இருந்தோம். அவளுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ஹேண்ட் ஓவரில் ஒவ்வொரு பஞ்சையும் எண்ணி வாங்குகிறவள். ரிப்போர்ட் புக்கில் அன்றைய தேதி எழுதி, அதன் கீழே ‘நோயாளிகள் 49, செவிலியர் 2, விதிமுறைப்படி 10’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பகல் டூட்டிக்காரர்களும் எழுதினார்கள். திருவண்ணாமலைப் பெண்ணின் எண் எனக்கு வேறொருத்தி மூலம் கிடைத்தது. இரண்டு முருகன்கள் விஷயத்தில் நடந்ததை, படுக்கை மாற்றியது நான் என்பதை, எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இன்சார்ஜிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மெமோ வரும் என்கிறார்கள்.

போன மாதம் ரிப்போர்ட் புக்கின் அந்தப் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. தேவையில்லாத விவரங்களைப் பதிவேட்டில் எழுதக்கூடாது என்று வாய்மொழியாக உத்தரவு வந்தது. இப்போது பஞ்செண்ணுகிறவள் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஒரு நீளநோட்டு வாங்கி வந்திருக்கிறாள். அட்டையில் எதுவும் எழுதவில்லை. அதை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் ஒரு சண்டை. அவள் பீரோவில் பூட்ட வேண்டும் என்கிறாள். நான் மேசை மேலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி, இருக்கட்டும் என்கிறேன்.